ஏழும் ஏழும்

டுலூத்தில் ஜனவரி.
ஏரி பாதி உறைந்தும் பாதி புகைந்தும் கிடக்கிறது.
கோதுமைக் கிடங்காய் இருந்து
நாற்பது வீடுகளாய் மாறிய கட்டடத்தில்,
கொதிகலன் அறையில்,
சிவப்புப் பெட்டியைத் திறக்கிறேன்.

கீழே ஒட்டி உட்கார்ந்த இரண்டு பேட்டரிகள்,
ஆளுக்கு ஏழு ஆம்பியர்-மணி.
கதவின் உள்பக்கம் பென்சில் கணக்கு,
எனக்கு முன் வந்த எவரோ எழுதியது:
சும்மா இருக்க இருபத்துநாலு மணி நேரம்,
கத்த ஐந்து நிமிடம்.
இருப்புக்கு ஐந்து சொச்சம்.
கத்தலுக்குப் புள்ளி ஒன்று ஐந்து.

இத்தனை வருஷமாய்ப் பார்க்கிறேன்,
இன்னும் பழகவில்லை:
கூச்சலுக்கு ஆவது ஒரு சிட்டிகை,
சும்மா இருப்பதுதான் மூட்டையைக் காலி செய்கிறது.

கிழடு தட்டும் என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும்
அன்று ஏழுக்குள் அடங்கியிருக்கிறது.

அப்புறம் தொலைபேசிக் கம்பியை வெட்டினார்கள்,
செல் கருவி ஒன்று வந்தது,
இரவும் பகலும் கோபுரத்தோடு முணுமுணுக்க.
மூன்றாம் மாடி வெர்னா லாத்திக்குக் காது போனது,
அவள் கட்டிலுக்கு மேல் மின்னும் விளக்கு வந்தது.
பக்கத்து ஐந்து வீடுகளுக்கும்.
எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறார்கள்.
தாளைத்தான் யாரும் தொடவில்லை.

பேனல் இப்போது சும்மா இருக்கக் கேட்பது
புள்ளி இரண்டு ஒன்பது ஆம்பியர்.
இருபத்துநாலால் பெருக்கினால்
ஆறு புள்ளி ஒன்பது ஆறு.
இன்னும் வாயே திறக்கவில்லை.
கத்தலையும் முதுமையையும் சேர்த்தால்
எட்டரை தாண்டுகிறது.

மேலாளர் லைல் பிராண்ட்வோல்ட் எட்டிப் பார்த்தார்.
"அதான் ரெண்டு ஏழு இருக்கே. பதினாலு."

ஏணி மேல் ஏணி வைத்தால்
உயரம் கூடும் ஐயா,
ஏறுகிறவன் மூச்சு கூடாது.
இருபத்துநாலு வோல்ட்டுக்காக இரண்டு.
மணிக்கணக்கு அதே ஏழுதான்.

பன்னிரண்டு வேண்டும்.
பன்னிரண்டு இந்தப் பெட்டிக்குள் நுழையாது.
தனிப்பெட்டி, குழாய், அரைநாள் கூலி.

தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார்.
"பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லையே."

நான் நினைத்தது
ஒரு வெள்ளிக்கிழமைப் பனிப்புயல்,
சாய்ந்த மின்கம்பம்,
இருட்டின் இருபத்துமூன்றாம் மணியில்
யாரோ மெழுகுவர்த்தியோடு தூங்கிப்போவது.
சொல்லவில்லை.
தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மைனஸ் இருபத்தாறு.
சாவியைத் திருப்பினால்
என் வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது.

ஜன்னலில் பார்த்திருக்க வேண்டும்.
ஜம்பர் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு
பனியில் வழுக்கி வழுக்கி வந்தார்,
கவ்விகளை மாட்டினார்,
ஒரு சிரிப்பும் இல்லை.
இன்ஜின் பிடித்ததும்
கண்ணாடியைத் தட்டி,
"பன்னிரண்டே போடு" என்றார்.