முதல் புள்ளி

ப்ரோகுப்ளியேவில் அறை ஒன்று, ஆள் இரண்டு.
வாடகையைப் பாதியாக்கத்தான் சேர்ந்தோம்;
அட்டவணை எங்களை எதிரெதிரே போட்டது.
காலையில் ரஸ்த்கோதான் எழுப்பினான்.
ஒரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு
பஸ் ஏறினோம், பேசாமல்.

பார்க்க வந்தவர்கள் நாலு பேர்,
அதில் ஒருவர் மைதானத்துக்குத் தண்ணீர் விடுபவர்.

மூன்றாம் செட். என் மேட்ச் பாயிண்ட்.
நான் அடித்தது கோட்டோரம் விழுந்தது.
நடுவர் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள்
செம்மண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தான்,
ஷூவால் தேய்த்து அழித்தான்,
வலையருகே வந்து கை நீட்டினான்.

உள்ளேயா, வெளியேயா?
நான் கேட்கவில்லை.
திங்கட்கிழமை தரவரிசையில்
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில்
வுகாஷின் என்றொரு பெயர் ஏறும்.
அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"எவ்வளவு பணம்?"
சொன்னேன்.
"ராக்கெட் நரம்புக்காவது ஆகுமா?"

இரவு, ஒரே வாளியில்
இரண்டு பேர் காலுறைகளையும் அலசுகிறான் ரஸ்த்கோ.
தண்ணீர் சிவக்கிறது.
"நாளைக்கு உனக்கு இடதுகைக்காரன்,
பேக்ஹேண்டுக்கே போடு" என்கிறான்
திரும்பிப் பார்க்காமல்.