எடை மேடை, சௌட்பான்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஆறரை மணி நேரம்.
லாரியில் இருபது இரும்புக் கட்டிகள்,
ஒவ்வொன்றும் அரை டன், சந்தேகமில்லாத அரை டன்.
ஊர் ஊராக இவற்றைக் கொண்டுபோய்
மற்ற எடைகளைக் கேள்வி கேட்பது என் உத்தியோகம்.

வான் ரீனன் கணவாய் ஏறியதும்
மலைகள் நம்மை விட்டுவிடுகின்றன.
அப்புறம் மக்காச்சோளம், ஒரு தானியக் கோபுரம்,
அதைவிடக் கொஞ்சம் குட்டையாக ஒரு தேவாலயம்,
மறுபடி மக்காச்சோளம்.
சாலையோரச் சூரியகாந்திகள்
முழங்கால் உயரத்திலேயே பயந்து பூத்திருந்தன.

சௌட்பானுக்குப் பெயரிலேயே உப்பு.
வரைபடத்தில் ஏரிக்கு நீலம் பூசியிருக்கிறார்கள்.
நேரில் நீலம் கிடையாது. உடைந்த பீங்கான் நிறம்.
நடுவே நான்கு பூநாரைகள், ஒற்றைக் காலில்,
மற்ற காலை வைக்க இடம் பார்த்துக்கொண்டு.

கூட்டுறவுக் கடைக் கண்ணாடியில் ஒரு தாள்:
புதன் மாலை ஏழு மணிக்கு மழைக்காக ஜெபம்.
அதன் கீழே, விற்பனைக்கு
ஒரு கலப்பையும் இரண்டு நாய்க்குட்டிகளும்.

உப்பளத்தில் டிகெலெடி மட்டும்தான் பேசினாள்.
மழை வந்தால் பாத்தி கரையும்,
பாத்தி கரைந்தால் பதினோரு நாள் கூலி போகும்.
அவள் புருஷன் மொயெகெட்ஸி
ஏழு கிலோமீட்டர் தள்ளி டிராக்டர் ஓட்டுகிறான்.
மழை வராவிட்டால் மார்ச்சில் அவனுக்கு வேலையில்லை.
வீட்டில் என்னதான் வேண்டிக்கொள்வீர்கள் என்றேன்.
"சாப்பிடும் முன் இரண்டு பேரும் கண்ணை மூடுவோம்.
வாய்விட்டுச் சொல்வதில்லை."

உப்பு விற்கப் போனால் மழை,
உமி விற்கப் போனால் காற்று
என்று எங்கள் பாஷையில் ஒரு பேச்சு உண்டு.
சொல்ல வாயெடுத்தேன்.
அதில் இருப்பவன் ஒரே ஆள், ராசியில்லாதவன்.
இரண்டு பேர், ஒரு சோற்றுப்பானை என்றால்
பழமொழி கையை விரித்துவிடும்.
சொல்லவில்லை.

கட்டிகளை மேடையில் இறக்கினேன். பத்து டன்.
முள் சொன்னது: ஒன்பது டன், தொள்ளாயிரத்து அறுபது.
எத்தனை மாதமாக?
மேலாளர் வானத்தைப் பார்த்தார், பதில் அங்கே இருப்பதுபோல.
இங்கே டன் கணக்கில்தான் கூலி.
டிகெலெடி விரல்விட்டு எண்ணத் தொடங்கி
இரண்டாவது கைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.
இன்றிலிருந்து சரி என்று நான் எழுதலாம்.
நேற்றுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஹெட்டி அம்மாளின் விடுதியிலும் ஒரு படிவம்.
எத்தனை இரவுகள்? ஒன்று என்று எழுதினேன்.
இந்த மாகாணத்தில் இந்தியர் இராத் தங்கக் கூடாது
என்றிருந்த காலத்தில்
அப்பா துணி ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போவார்.
ஹாரிஸ்மித்தில் பெட்ரோல்,
வால் ஆற்றுப் பாலம் வரை தொடையைக் கிள்ளிக்கொண்டு பயணம்.
இவ்வளவு பெரிய மண்ணில்
அவர் கண்ட கனவு ஒன்றுகூட இல்லை.
நான் பூப்போட்ட மெத்தையில்
குறட்டையே விட்டிருப்பேன்.

இரண்டு மணிக்குத் தகரம் சடசடத்தது.
தெருவில் யாரோ சிரித்தார்கள்.
எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று
நான் முடிவெடுப்பதற்குள் நின்றுவிட்டது.

காலையில் வயல் புழுதியில் அம்மைத் தழும்பு,
உப்புக் குவியலிலும் அதே தழும்பு.
அவனுக்குப் போதவில்லை. அவளுக்கு அதிகம்.

மேடையில் தேங்கியிருந்த நீர் மட்டும் இருபது கிலோ.
துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
இந்த மேடைக்குத் தெரிந்த மிகச் சிறிய எண்ணே இருபதுதான்,
அதற்குக் கீழே எதுவும் அதற்கு இல்லை.

டிகெலெடி ஏறி நின்றாள். அறுபது.
ரப்பர் காலணிகளைக் கழற்றி, கவிழ்த்து,
உள்ளே இருந்த உப்பைத் தட்டிக் கொட்டிவிட்டு
மறுபடி நின்றாள்.

அறுபது.