குறுக்காக

தகைவிலான் குருவி என்று பெயர் வைத்துத்தான்
அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள்.
ஷ்வால்பே.
பெயரில்தான் தகைவில்லை.
நான் வாங்கும்போது
சிட்டாவ் போகிற வழியில் ஒரு கோழிக்கொட்டகையில்
பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது,
இருக்கைமேல் எச்சம்,
புகைக்குழாயில் எலி சேர்த்த உமி.

வீட்டுக் கராஜில் இடமிருந்தது. கார் எனக்கு இல்லை.
கெர்லிட்ஸில் டிராம் ஓட்டுகிறேன்.
நாளுக்கு ஏழரை மணி நேரம்
தண்டவாளம் திரும்பும்போது திரும்புகிறவள்.
பிடித்துத் திருப்ப என்முன் ஒன்றுமில்லை:
ஒரு நெம்புகோல், ஒரு மணி,
மணல் கொட்ட ஒரு பொத்தான்.

திருகுகளை முட்டை அட்டைகளில் போட்டு
குழிக்குக் குழி எண் எழுதினேன்.
பதினான்காம் குழி எதனுடையதென்று
இன்றுவரை தெரியாது.

பிறகு உப்புத்தாள்.
மேலே யாரோ தூரிகையால் அப்பிய கறுப்பு,
கீழே ஆரஞ்சு, அதற்கும் கீழே
பல் டாக்டர் அறைச் சுவரின் இளநீலம்.
மூக்கைத் துடைத்தால் கைக்குட்டையில் மூன்று நிறமும்.

முன்தகட்டின் இடப்பக்கம் உப்புத்தாள் வழுக்கியது.
அங்கே இரும்பில்லை, பட்டி.
பிஸ்கட் கனத்துக்குப் பட்டி. பெயர்த்தால்
உள்ளங்கை அகலத்தில் ஒரு நெளிவு;
யாரோ எதிலோ மோதி, எழுந்து,
ஒருவருக்கும் தெரியாமல் மெழுகி மூடியது.

அன்று அத்தோடு விளக்கை அணைத்துவிட்டேன்.

மூன்று வருஷம் முன்பு, நவம்பர், மழை.
பாவ்லிக் என்றொரு மனிதர் சைக்கிளில்
சதுக்கத்தைக் கடந்து என் முன்னால் வந்தார்.
வலப்பக்கம் ஓரடி இடமிருந்தது.
ஓரடி.
மணியடித்தேன், மணல் கொட்டினேன்,
இருபது டன் தன்பாட்டுக்கு வழுக்கிப் போனது.
காறையெலும்பு, இரண்டு விலா. பிழைத்துக்கொண்டார்.
ஓட்டுநர் மீது பிழையில்லை என்று
இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்.
ஒன்று மேசை இழுப்பறையில்.
மற்றதை எங்கே வைத்தேனோ.

நெளிவை நான் மறுபடி மெழுகவில்லை.
உள்ளிருந்து மரச்சுத்தியலால் தட்டினேன்.
முக்கால்வாசி வந்தது. மிச்சம் இருக்கட்டும்.

பெயிண்ட் கடையில் எண் கேட்டார்கள்.
எண் தெரியாது,
பழுக்க ஒரு வாரம் இருக்கிற ப்ளம்ஸ் என்றேன்.
விற்பவள் கண்ணை மூடித் திறந்து
நான்கு இலக்கம் சொன்னாள்.
கிட்டத்தட்ட அதேதான்.

கம்ப்ரஸர் தந்தவர் பக்கத்து வீட்டு ஹார்ட்முட்.
ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது,
ஞாயிறு கூடவே கூடாது.
சனிக்கிழமை காலை
தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி,
முகமூடிக்கு மேல் நீச்சல் கண்ணாடி மாட்டி,
அடித்தேன்.
ஒரு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கையில்
கை ஓரிடத்தில் தயங்கி நின்றுவிட்டது.
வழிந்தது, சுண்டுவிரல் நீளம்.
வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த ஹார்ட்முட்
தேய்த்துவிட்டு இன்னொருமுறை அடிக்கலாம் என்றார்.
மூன்று மணிக்கு மேல், என்று சேர்த்துக்கொண்டார்.

அடிக்கவில்லை.

ஜூனில், ஏழாவது உதையில் பிடித்தது.
நீலப் புகை. ஹார்ட்முட் கடிகாரம் பார்த்தார்:
நாலே கால்.

முதல் வளைவில் கைகள் பழக்கத்தில் சும்மா கிடந்தன,
பாதை திரும்பிக்கொள்ளும் என்று.
எதிர்ச் சுவர் நெருங்கி வந்தபிறகுதான்
இது என் வேலை என்று உறைத்தது.

சதுக்கத்தில் தண்டவாளம் ஈரமாக மின்னியது.
இரண்டு சக்கரத்தில் வருகிறவர்கள்
அதை வெட்டித்தான் கடக்கவேண்டும்,
கூடவே போனால் பள்ளம் டயரைக் கவ்விக்கொள்ளும்.
பாவ்லிக்குக்கும் இது தெரிந்திருக்கும்.

எதிரே டிராம். உள்ளே இல்கா.
மணியை ஒருமுறை அடித்தாள்,
எனக்கா, விதிமுறைக்கா, தெரியவில்லை.
வலப்பக்கம் ஓரடி இருந்தது.
கைப்பிடியை ஒடித்தேன்.