மாதிரிப் பத்தி

ஐந்து ‘பி’யில் முப்பத்து நான்கு பேர்.
மழையைப் பற்றி எழுதச் சொன்னால்
முப்பத்து நான்கு நோட்டிலும் ஒரே மழை.
முன்னுரையில் தூறும், பொருளுரையில் பெய்யும்,
மழைநீரைச் சேமிப்போம் என்றதும் நின்றுவிடும்.
யார் சட்டையும் நனைந்ததில்லை.

அதனால் ஞாயிறு இரவு
நானே எழுதினேன் ஒரு பத்தி,
பிள்ளைகள் பார்த்துப் பழக:
தட்டுவடை செட் செய்வது எப்படி.
குகையில் பிறந்து வளர்ந்தவளுக்கு
இதுகூடவா தெரியாது?
முதலில், பிறகு, அதன் மேல், கடைசியாக
எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை ஸ்கெட்ச்.
ஏனென்றால் என்பதற்கு மட்டும் சிவப்பு.
சார்ட்டை ஆணியில் மாட்டியபோது
எனக்கே கொஞ்சம் எச்சில் ஊறியது.

சத்தமாக வாசித்தார்கள்.
எந்த வரி காரணம் சொல்கிறது,
எந்த வரியை உருவினால் பத்தி சரியும்
என்று கேட்டுக்கொண்டே போனேன்.
மூன்றாம் பெஞ்சு சௌடேஸ்வரி
கை தூக்கவில்லை, நேராக எழுந்தாள்.

“டீச்சர், நீங்க
சாப்புடுற வரிசையில எழுதியிருக்கீங்க.
போடுற வரிசையில இல்ல.”

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலைமேல்
மேகம் அப்படியே நின்றது.
நானும்.

“மொதல்ல கேரட் இல்ல டீச்சர், சட்னி.
கீழ்த் தட்டைக்குச் செவப்பு, மேல் தட்டைக்குப் பச்ச.
சட்னி இல்லேன்னா துருவலு எதைப் புடிச்சிக்கும்?
மத்தியானமே துருவி வெச்சா தண்ணி விட்டுரும்,
கூட்டம் வந்தப்புறந்தான் எங்கம்மா துருவும்.
நீங்க ஏனென்றால்னு போட்டுட்டு
சுவையாக இருக்கும்னு எழுதியிருக்கீங்க.
அது காரணமா?”

தினமும் ராத்திரி
தள்ளுவண்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு
வீட்டுப்பாடம் எழுதுகிறவள்.
சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.
பதினோரு திருத்தம்.
கையெழுத்து நன்று என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள்,
நான் வழக்கமாக எழுதுவதுபோலவே.

கோகுலவாசன் கேட்டான்:
“நான் பஞ்சரைப் பத்தி எழுதட்டுமா?”
அரை மணி நேரம் நாக்கைக் கடித்தபடி எழுதினான்.

முதலில் டியூப்பைக் கழற்றவும்.
பிறகு ஓட்டையைச் சுற்றி உரசவும்,
ஏனென்றால் வழவழப்பில் ஒட்டு நிற்காது.
அதன் மேல் சொல்யூஷன் தடவவும்.
உடனே ஒட்டக் கூடாது, ஏனென்றால் ஈரத்தில் வழுக்கும்.
அதன் மேல் வெங்காயம் தூவவும்.
கடைசியாக ஒட்டை வைத்துத் தட்டவும்.

வகுப்பு உருண்டு சிரித்தது.
அவனும்தான், காது சிவக்க.
எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.
முப்பத்து நான்கு மழையில்
ஒன்றிலாவது இருந்ததா இப்படியொரு ஏனென்றால்?
சாரம் நான் கட்டியது, சுவர் அவனுடையது.
பிரிக்கும்போது ஒரு கழி மட்டும்
சுவருக்குள் மாட்டிக்கொண்டது.
வெங்காயத்தை அடித்தேன். மீதியைத் தொடவில்லை.

ஏழரை மணிக்கு வண்டியருகே நின்றேன்,
முப்பது ரூபாயும் திருத்திய தாளுமாக.
சிவப்பு. துருவல். பச்சை தடவிய மேல் தட்டை.
பிறகு கட்டைவிரலால்
வெளியே தெரியாத ஒரு மெல்லிய அழுத்து.
துருவல் அடங்கியது, தட்டை உடையவில்லை.
இது என் பத்தியிலும் இல்லை,
பதினோரு திருத்தத்திலும் இல்லை.
எழுதிக்கொண்டேன்.
எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு
வார்த்தை கிடைக்காமல்
பேனா அங்கேயே நின்றது.

“நின்னுக்கிட்டே என்ன எழுதறீங்க டீச்சர்?”
என்றார் சௌடேஸ்வரியின் அம்மா,
அடுத்த தட்டைக்குச் சட்னி தடவியபடி.

“வீட்டுப்பாடம்” என்றேன்.

ஸ்டூலிலிருந்து, தலை தூக்காமல், அவள்:
“மொதல்ல தேதி போடுங்க.”