மீட்டர் கணக்கு

மீட்டருக்கு முந்நூறு திர்ஹாம் எனக்கு.
தண்ணீர் வந்தாலும் அதுதான், வராவிட்டாலும் அதுதான்.
சகோராவில் எந்த வயலுக்குப் போனாலும்
இதை முதலில் பேசிவிடுவேன்,
தேநீர் ஊற்றுவதற்கு முன்னால்.

பஸ்ஸு துளையிட்டால் பொய்க்காது என்று ஒரு பெயர்.
பெயர் என்ன பெயர்.
மூன்று வருஷத்துக்கு முன் நாற்பதில் ஈரமண் வந்தது.
போன கோடையில் எண்பத்தெட்டு.
நேற்று ராத்திரி, லாரி விளக்கை அணைத்துவிட்டு,
உஹம்முவின் வயலில்
நூற்று இருபத்தாறு.
நீர் இறங்க இறங்க என் கூலி ஏறும்.
கம்ப்ரெசர் புதிது.
மகளுக்கு அகாதிரில் கல்லூரி.

உஹம்முவைக் குறை சொல்ல மாட்டேன்.
டீசல் காலத்தில் அவன் கஞ்சன்.
எஞ்சின் இருமும்போதெல்லாம்
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்,
பத்து மணிக்கே நிறுத்திவிடுவான்.
இப்போது சூரியப் பலகை, பாதி மானியம்.
வெயிலுக்கு யார் பில் போடுவது?
விடிந்ததும் பம்பு ஓடும்,
தொட்டி நிறைந்து மணலில் வழியும்போதும்
ஓடும்.
சொட்டுக் குழாய் போட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்றார்கள்.
மிச்சமானது.
அந்த மிச்சத்தில் இன்னும் நான்கு ஹெக்டேர் தர்பூசணி.

ஸ்பெயின் காய் பழுப்பதற்குள் போய்ச் சேர்ந்தால்
கிலோ ஆறு திர்ஹாம்.
ஒரு வாரம் பிந்தினால் இரண்டு.
அவனுக்கும் அவசரம்தான்.

வேலியோரம் பதினேழு பேரீச்சைகள்
உச்சி கருகி நிற்கின்றன.
வேர் எவ்வளவுதான் இறங்கும்,
அதற்குக் கம்ப்ரெசரா இருக்கிறது?

முதல் நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் தொழில்.
நாற்பதில் தித்திப்பு.
எண்பத்தெட்டில் ஆணி வாடை.
நேற்று நான் துப்புவதற்குள்
உஹம்மு டார்ச்சை என் முகத்தில் அடித்தான்.
'எப்படி?'
'இரண்டு அறுவடை தாங்கும்.'
அவன் சிரித்தான். இரண்டு போதும் அவனுக்கு, கடன் தீர.

என் தங்கை இத்தோவின் வீட்டில்
நாள் விட்டு நாள் ஒரு மணி நேரம் குழாய் வரும்.
உப்பு.
அவள் போடும் தேநீரில் சர்க்கரை
மாதத்துக்கு மாதம் கூடுகிறது.
நான் எதுவும் கேட்பதில்லை, குடித்துவிட்டு வருகிறேன்.

முப்பத்தேழாயிரத்து எண்ணூறு.
எண்ணூறைக் குறைத்துக்கொள் என்றான்.
குறைக்கவில்லை.
சேறு பட்ட நோட்டுகளை நான் எண்ணி முடித்ததும்
'அடுத்த வருஷம்?' என்றான்.

என்னிடம் தண்டு நூற்றைம்பது வரைதான்.
இன்னும் ஐம்பது மீட்டருக்கு
வர்ஸாஸாத்தில்
போன மாதமே சொல்லிவைத்துவிட்டேன்.