முப்பது நாள் தவணை

பல் மருத்துவமனை ஒன்றை மூடினார்கள்.
கணினியைப் பதினைந்து யூரோவுக்குத் தந்தார்கள்,
கிராம்பு வாசனையோடு.
என் இருக்கைக்குப் பின்னால் வைத்து
லியபாயாவின் ஒரே டிராம் தடத்தில்
போய்வந்து, போய்வந்து
வேலை முடிந்து வீட்டுக்கு ஏற்றினேன்.
நான்காம் மாடி. லிப்ட் கிடையாது.

பெட்டி கால் பணம்,
உள்ளே போட்ட புது வட்டுகள் முக்கால் பணம்.
ராஸ்மா ரசீதைப் பார்த்தாள்.
தூசு ஊதத் தன் முடி உலர்த்தியைத் தந்தாள்.

பழைய வட்டில் ஊராருடைய பற்கள்.
எக்ஸ்ரேயில் வேர்கள் வளைந்து,
ஒரு கீழ்த்தாடையில் ஆணி.
அந்த வாய் தினமும் என் வண்டியில் ஏறி
காலை வணக்கம் சொல்கிறதோ என்னவோ.
மேற்கொண்டு பார்க்கவில்லை.
எல்லாவற்றின் மீதும் பூஜ்யம் எழுதச் சொன்னேன்;
விடிய விடிய எழுதியது.

கோட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்தோம்.
இரவு மூன்று மணிக்கு விழித்து
அன்றைய எங்களை
மெல்லக் கொறிக்கும்.
காலையில் கோட்டுகள் வெதுவெதுவென்றிருக்கும்.

முதல் புயலில் மின்சாரம் போய்வந்தது,
பெட்டி எழவில்லை.
திரையை மாட்டிப் பார்த்தால்:
'விசைப்பலகை இல்லை. தொடர
ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.'
அலமாரிக்குள் மண்டியிட்டபடி சிரித்தேன்.
அவளும் வந்து படித்துவிட்டுச் சிரித்தாள்.

மீட்டுப் பார்க்காத நகல் நகலே அல்ல.
சோதிக்க எதையாவது அழிக்க வேண்டும்.
மின்கட்டண ரசீது என்றேன் நான்.
போனால் வலிக்காததை அழிப்பதா சோதனை,
என்று சுட்டியை வாங்கிக்கொண்டாள்.

பத்து வருஷம் உள்ளே போனாள்,
வழி தெரிந்தவள்போல.
நான்கு நிமிட ஒலிப்பதிவு.
மேஜைக்கடியில் ஒளிந்து ஸானே பிடித்தது;
அப்போது அவளுக்கு ஏழு வயது.
அதில் பெட்டியின் ஜிப் சத்தம் உண்டு,
ராஸ்மா என்னைச் சொன்னதும்,
நான் பதில் சொல்லாததும்.

அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.
சரி, மீட்கிறேன், என்றேன்.
'வேண்டாம், இருக்கட்டும்.'
இருக்கட்டும் என்றால்
எது இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை.

அழித்ததை முப்பது நாள் வைத்திருக்கும் பெட்டி,
பிறகு அதுவே விட்டுவிடும்.
அப்படி அமைத்தவன் நான்தான்.
அவளுக்கும் தெரியும்; அன்றே சொல்லியிருந்தேன்.

காற்று கடலிலிருந்து ஜன்னலை உலுக்குகிறது.
அலமாரியைத் திறந்து
சூடான கோட்டை எடுத்துத் தருகிறாள்,
காலர் மடிப்பைச் சரிசெய்கிறாள்.
ஐந்தே காலுக்கு முதல் டிராம்.
இன்று இருபத்தாறு.