அரை லீற்றர்

எனக்குக் கிடைத்த வேலை கடைசியில் வருவது.
பச்சை நாடாவைத் தோளுக்குக் குறுக்கே கட்டிவிட்டு
"உங்களுக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது, சேர்"
என்றாள் ஏற்பாட்டுக் குழு ஜெசிந்தா.
இருபது வருடம் இந்த நகரின் வாசல்களில் குனிந்து
தண்ணீர் மீற்றர் வாசிப்பவனுக்கு
மெல்ல நடக்க யாரும் பழக்க வேண்டியதில்லை.

மார்கழி மழை, விட்டும் விடாமலும்.
உட்துறைமுகப் பூங்கா நிறையச் சிவப்புத் தொப்பி.
நத்தார் பப்பா மட்டும் பன்னிரண்டு பேர்;
ஒருவருக்குத் தாடி நனைந்து
கழுத்துச் சால்வையாகிவிட்டது.
பள்ளிக்கூட பாண்ட் கோஷ்டியில்
பெரிய மேளம் மட்டும் வந்திருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிய மான்கள்
கடதாசி நட்சத்திரத்தை ஆளுக்கொரு முனையாய் மென்றன.
"வண்டில் எங்க?" என்று அதட்டிய பொடியனின்
இலக்கத் தாளையும் ஒன்று முகர்ந்து பார்த்தது.

ஐந்து சுற்று. சேரும் காசு ஆஸ்பத்திரிக்கு,
இரத்தம் கழுவும் அறையில் இன்னொரு கதிரை போட.

ஊதல்.
ஓடினார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும்,
முகத்தைவிட மீற்றரால்.
றிஸ்வியா ரீச்சர்: மல்லிகைக்குக் கீழே, எறும்பு கவனம்.
நிரோமி நோனா: நாய் கட்டியிருக்கும், கயிறு நீளம்.
வங்கி முகாமையாளர்: மூன்று மாத நிலுவை,
இன்றைக்கு முதலாவதாக ஓடுகிறார்.

மிஞ்சியவர் இலக்கம் இருநூற்றொன்பது.
மரியநாயகம், கிண்ணியா பஸ்ஸின் பழைய நடத்துநர்.
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
செருப்போடு நடந்தார். நானும் நடந்தேன்.

முதல் வளைவில் ஒரு பிள்ளை போத்தல் நீட்டியது.
வேண்டாம் என்றார்.
இரண்டாம் வளைவிலும்.
மூன்றாவதில் பிள்ளை கெஞ்ச, வாங்கி என்னிடம் தந்தார்.
"எனக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர்.
தேத்தண்ணி, சொதி, குளிசை விழுங்கிறது, எல்லாம் அதுக்குள்ள."

என் கையில் முழுப் போத்தல்.
குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

"உம்மட கடிதம் வந்தது" என்றார் பிறகு.
நான்தான் எழுதியிருந்தேன்:
பாவனை சடுதியாகக் குறைவு,
மீற்றர் பழுது, அல்லது களவு. பரிசோதிக்கவும்.
"மீற்றரில பிழையில்லை.
மனிசி மகளோட மட்டக்களப்பில.
கிழமையில மூண்டு நாள் நான் அந்தக் கதிரையில.
மிச்சம் நித்திரை."
சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்க நின்றார்.
இடது கையை நீட்டி, "தொட்டுப் பாரும்."
புடைத்த நரம்பில் விரல் வைத்தேன்.
அந்த இரைச்சலை நான் அறிவேன்:
எல்லாப் பைப்பும் பூட்டியிருக்க
நிலத்தடியில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்.
கேட்டால் ஒழுக்கு என்று எழுதுவேன்.
"இந்தச் சத்தம் நிண்டால்தான் பயம்" என்றார் அவர்.

மழை பிடித்தது. தொப்பியின் பஞ்சுக் குண்டிலிருந்து
மூக்கு வழியாய் அவர் மேலுதட்டுக்கு ஒரு துளி.
நாக்கு நுனியால் எடுத்தார்.
"இதையும் கணக்கில சேர்க்கோணுமோ?"
என் புத்தகத்தில் அதற்கு நிரல் இல்லை.

ஐந்து சுற்றில் இரண்டு. அதற்குள்
மற்றவர்கள் கஞ்சி குடித்து, படம் எடுத்து, கலைந்துவிட்டார்கள்.
முடிவு நாடாவின் ஒரு பக்கத்தை
மான் தொடங்கியிருந்தது.
ஜெசிந்தா மட்டும் குடையோடு, பேனையோடு.

கோட்டுக்கு ஓரடி முன்னே அவர் நின்றுகொண்டார்.
"நீர் போம்."
"நான்தான் கடைசி, ஐயா. நாடாவைப் பாருங்கோ."
"முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில
கடைசியா ஏறினது ஆர்?"

என் முதுகில், ஈரச் சட்டைமேல்,
தகரத்தில் தட்டுவதுபோல் இரண்டு தட்டு.
"றைற்! போகட்டும்!"

போனேன்.